வெயிலுக்கு ஒரு பத்தாயம்

மாலை ஆறரை மணிக்கு ஸ்ரீமுஷ்ணம் கடைத்தெருவில் சற்று நேரம் நின்று பார்ப்போம். மேற்கே கதிரவன் மறைகின்றான். அந்த வேளையில்தான் கடைகளில் ஒவ்வொன்றாக விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. தேநீர்க் கடையில் ஒன்று, மளிகைக் கடையில் இரண்டு, நகைக் கடையில் இருபது. தையற்காரர் தம் இயந்திரத்தின் மேல் தொங்கும் விளக்கைச் சற்றே தாழ்த்திக்கொள்கின்றார். தெருவுக்குள் நுழைந்தால் வீடுதோறும் மின்விசிறி சுழல்கின்றது. அடுக்களையில் நாளைய இட்டிலிக்கு மாவு அரைபடுகின்றது. கூடத்தில் பிள்ளைகள் பாடப் புத்தகத்தை விரிக்கின்றனர். கிராமத்துச் சிற்றாலயங்களில் செபமாலைக்கு மணி அடித்து, பீடத்து விளக்கும் ஏற்றப்படுகின்றது.

இதே காட்சி இதே நேரத்தில் சென்னையிலும் குமரியிலும், தமிழ்நாட்டின் எல்லாச் சிற்றூர்களிலும் நடைபெறுகின்றது. எத்தனையோ இலட்சம் கைகள் ஏறத்தாழ ஒரே வேளையில் மின்பொத்தானை அழுத்துகின்றன. பகலெல்லாம் மின்சாரத்தை வாரி வழங்கிய சூரியத் தகடுகளோ அதே வேளையில் ஓய்ந்து விடுகின்றன. தேவை ஏறும் நேரமும் கதிரவன் இறங்கும் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. நம் காலத்து மின் பொறியாளர்களின் உறக்கத்தைக் கெடுக்கும் சங்கடம் இதுதான்.

இதற்கு விடையாக, உலக நாடுகள் பலவும் இன்று மாபெரும் மின்கலன்களை, அதாவது பாட்டரிகளை, நிறுவி வருகின்றன. டார்ச் விளக்கிலும் கைக்கடிகாரத்திலும் நாம் கண்டு பழகிய பொருள், வயல்வெளி அளவுக்கு வளர்ந்து நிற்கின்றது. அது என்ன, எப்படி இயங்குகின்றது, நம் கடலூர் மாவட்டத்துக் குடும்பங்களுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பதை இம்மாதம் சற்று விரிவாகக் காண்போம்.

தராசின் இரு தட்டுகள்

மின்சாரத்திற்கு ஒரு விந்தையான குணம் உண்டு. அரிசியைப் போலவோ மண்ணெண்ணெயைப் போலவோ அதை அப்படியே மூட்டை கட்டி வைக்க முடியாது. உண்டாக்கிய கணமே செலவாகிவிட வேண்டும். ஒரு தட்டில் உற்பத்தி, மறு தட்டில் தேவை என்று ஒரு தராசை எண்ணிக்கொள்வோம். அத்தராசின் முள் எந்நேரமும் நடுவில் நிற்க வேண்டும்.

அந்த முள்ளுக்கு ஓர் எண் உண்டு. இந்தியாவில் அது 50. நம் வீட்டுக்கு வரும் மின்னோட்டம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலைகின்றது. இதனை 50 ஹெர்ட்ஸ் என்பர். தேவை மிகுந்து உற்பத்தி குறைந்தால் எண் 50-க்குக் கீழே சரிகின்றது; உற்பத்தி மிகுந்தால் மேலே ஏறுகின்றது. எல்லை கடந்து சரியுமானால், தம்மைக் காத்துக்கொள்ள இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிடும். 2012 ஜூலை 30, 31 ஆகிய நாட்களில் மின்தொகுப்புச் சரிந்தபோது வட இந்தியாவின் பெரும்பகுதி இருளில் மூழ்கியது. இரண்டாம் நாளில் மட்டும் ஏறத்தாழ அறுபது கோடி மக்கள் வாழும் பகுதிகள் பாதிக்கப்பட்டன. தென்னகத் தொகுப்பு அந்நாளில் வடக்கோடு முழுமையாக இணைக்கப்படாமல் இருந்ததால் நாம் தப்பினோம்.

நிலக்கரியை எரிக்கும் நிலையத்தில், தேவைக்கேற்ப அடுப்பைக் கூட்டவும் குறைக்கவும் மனிதனால் முடிகின்றது. அதற்கும் நேரம் பிடிக்கும். அணைந்த கொதிகலனை மீண்டும் சூடேற்றப் பல மணி நேரம் ஆகும். காற்றையும் வெயிலையும் யார் கூட்டுவது, யார் குறைப்பது? ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வீசோ வீசென்று வீசும்போது, வரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள இடமின்றி, காற்றாலைகளைக் குறைத்து ஓட்டச் சொன்ன காலங்களும் உண்டு. அதே ஊர்களில் வேறொரு மாதத்து மாலைப்பொழுதில் மின்சாரம் போதவில்லை.

வீராணம் சொல்லும் பாடம்

ஒரு காலத்தில் மிகுவதும் மறு காலத்தில் குறைவதும் நம் பகுதிக்குப் புதிய செய்தியன்று. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் பக்கம் சென்றால் கடலைப் போல விரிந்து கிடக்கும் வீராணம் ஏரியைக் காண்கின்றோம். சோழர் காலத்தில் வெட்டப்பட்ட ஏரி. ஆற்றில் வெள்ளம் வரும் மாதங்களில் வரும் நீர் வடவாற்றின் வழியே ஏரியை நிரப்புகின்றது. மழை பொய்த்த நாட்களில் அந்நீரே 40,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயல்களுக்குப் பாய்கின்றது. 2004 முதல் சென்னை மாநகரின் தாகத்தையும் அது தணித்து வருகின்றது.

ஏரி ஒரு துளி நீரையும் தானாக உண்டாக்குவதில்லை. வந்த நீரைக் காத்து, வேண்டிய நாளில் கொடுக்கின்றது. அவ்வளவுதான் அதன் தொழில். ஆயினும் அந்த ஏரி இல்லையேல் நம் வட்டாரத்தில் நெல் ஏது? அறுவடைக் காலத்து நெல்லை ஆடி மாதத்திற்குக் காத்து வைத்த பத்தாயத்தின் தொழிலும் அதுவே. மின்சாரத்திற்கு இவ்வாறு ஓர் ஏரியும் ஒரு பத்தாயமும் இல்லாதிருந்ததுதான் குறை.

முழுமையாக இல்லை என்றும் சொல்வதற்கில்லை. கோவை மாவட்டத்து மலைகளில் காடம்பாறை என்னுமிடத்தில் 1980-களின் இறுதியில் ஒரு நிலையம் இயங்கத் தொடங்கியது. மேலே ஓர் அணை, கீழே ஓர் அணை. மின்சாரம் மிகுந்திருக்கும்போது கீழ் அணையின் நீரை மேலே ஏற்றுவார்கள். தேவை மிகும்போது அந்நீரையே கீழே பாயவிட்டு மின்சாரம் எடுப்பார்கள். நான்கு இயந்திரங்கள், மொத்தம் 400 மெகாவாட். மின்சாரத்தை நீராக மாற்றிச் சேமிக்கும் அருமையான வழி இது. ஆனால் இதற்கு மலையும் வேண்டும், நீரும் வேண்டும், கட்டி முடிக்கப் பல ஆண்டுகளும் வேண்டும். நம்மைப் போன்ற சமவெளிக்காரருக்கு மலை எங்கே?

அமரபுரத்துப் பிள்ளை

இங்கேதான் பாட்டரி வந்து சேர்கின்றது. 1800-ஆம் ஆண்டில் இத்தாலியரான வோல்ட்டா, இரு வேறு உலோகத் தகடுகளை உப்புநீரில் நனைத்த துணியை இடையிட்டு அடுக்கி, அதிலிருந்து இடைவிடாத மின்னோட்டத்தைப் பெற்றார். 1859-இல் பிரெஞ்சு நாட்டவரான பிளாந்தே, ஈயத்தையும் அமிலத்தையும் கொண்டு, மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய மின்கலத்தை அமைத்தார். பேருந்திலும் டிராக்டரிலும் இன்றும் நாம் காணும் கனத்த பாட்டரி அதன் வழித்தோன்றலே.

1991-இல் ஜப்பானில் லித்தியம் அயனி மின்கலம் விற்பனைக்கு வந்தது. லித்தியம் உலோகங்களில் எல்லாம் இலேசானது. மின்னேற்றும்போது அதன் அணுக்கள் அயனிகளாகி ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் சென்று தங்குகின்றன. மின்சாரம் வேண்டும்போது வந்த வழியே திரும்புகின்றன. பகலில் வேலைக்குச் சென்று மாலையில் வீடு திரும்பும் தொழிலாளர் கூட்டம் போல, ஆயிரக்கணக்கான முறை இப்போக்குவரவு நிகழ்ந்தாலும் கலம் தாங்குகின்றது. செலுத்திய மின்சாரத்தில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கின்றது. ஒரு சிறு பகுதியே வெப்பமாக வீணாகின்றது.

இதற்கு வழிவகுத்த மூவருக்கு 2019-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவருள் ஒருவரான ஜான் குட்இனஃபுக்கு அப்போது வயது 97. அம்முதியவரின் சார்பில் ஸ்டாக்ஹோமில் நின்று நோபல் சொற்பொழிவை ஆற்றியவர் ஒரு தமிழர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? தமிழ்நாட்டில் அமரபுரம் என்னும் சிற்றூரில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் பயின்று, அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கும் ஆறுமுகம் மந்திரமே அவர். குட்இனஃபுடன் அவர் நெடுங்காலம் இணைந்து நடத்திய ஆய்வுகளின் வழியில்தான், இன்று மின்தொகுப்புப் பாட்டரிகளில் பெரிதும் பயன்படும் இரும்புப் பாஸ்பேட் வகை லித்தியம் கலங்கள் பின்னர் தோன்றின. நம் காரைக்குடியிலும் 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இயங்கி வருகின்றது. கிராமப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் இதைக் கேட்டு நிமிர்ந்து உட்காரட்டும்.

அறிவு ஒருபுறம் வளர, விலையும் இறங்கியது. 2010-இல் ஒரு யூனிட் மின்சாரத்தைச் சேமிக்கும் அளவுள்ள லித்தியம் பாட்டரிக்கு உலகச் சந்தையில் ஆயிரம் டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. 2024-இல் அது சராசரியாக 115 டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது. கைபேசிக்கும் காருக்கும் இருந்த பாட்டரி மின்தொகுப்புக்கு வந்த காரணம் இதுவே.

இருண்ட மாநிலம் கண்ட விளக்கு

2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவில் பெரும்புயல் வீசியது. உயரழுத்த மின்கோபுரங்கள் சாய்ந்தன. மாநிலம் முழுவதும் இருண்டது. அடுத்த ஆண்டு, 2017 டிசம்பரில், ஹார்ன்ஸ்டேல் என்னும் இடத்துக் காற்றாலைகளின் அருகே 100 மெகாவாட் பாட்டரி நிலையம் ஒன்று இயங்கத் தொடங்கியது. அந்நாளில் உலகிலேயே பெரிய லித்தியம் பாட்டரி அதுதான். திறந்த சில நாட்களில் தொலைவிலுள்ள நிலக்கரி நிலையமொன்றில் ஓர் இயந்திரம் திடீரென நின்றபோது, இந்தப் பாட்டரி நொடிப்பொழுதுக்குள் மின்சாரத்தைப் பாய்ச்சியது. தராசின் முள் சாயத் தொடங்குமுன் கைகொடுக்கும் வேகம் அதற்கு உண்டு என்பதை உலகம் கண்டுகொண்டது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2024 ஏப்ரலில் பாட்டரிகளின் அளவு 10,000 மெகாவாட்டைக் கடந்தது. அதே மாதத்தில் ஒரு மாலை வேளையில், சிறிது நேரத்திற்கு, மற்றெந்த மின்மூலத்தையும்விடப் பாட்டரிகளே மிகுதியான மின்சாரத்தை வழங்கின. அன்று நண்பகலில் தகடுகளில் விழுந்த வெயில்தான் அம்மாலை விளக்காக எரிந்தது.

நம் நாட்டில் 2019-இல் தில்லியின் ரோகிணியில் 10 மெகாவாட் பாட்டரி நிலையம் நிறுவப்பட்டது. 2024-இல் சத்தீஸ்கரின் ராஜ்நந்த்காவில் சூரிய மின் நிலையத்தோடு 40 மெகாவாட் பாட்டரி இணைந்தது. மூன்று மணி நேரம் அது தொடர்ந்து வழங்க வல்லது. மத்திய மின்சார ஆணையம் 2023-இல் வெளியிட்ட திட்டத்தின்படி, 2031-32-க்குள் நாட்டிற்கு 47,000 மெகாவாட்டுக்கு மேல் பாட்டரிச் சேமிப்பு வேண்டியிருக்கும்.

நெய்வேலியின் புதிய தொழில்

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். ஸ்ரீமுஷ்ணத்துக்காரருக்கு மின்சாரம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது வடக்கேயுள்ள நெய்வேலிதான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பு மண் வெளிப்பட்டதும், அது பழுப்பு நிலக்கரி எனத் தெரிந்ததும், 1956-இல் நிறுவனம் பிறந்ததும், 1962-இல் சோவியத் உதவியுடன் முதல் மின் இயந்திரம் சுழன்றதும் தென்னாற்காடு மாவட்டம் என்ற பெயரோடு வளர்ந்த தலைமுறைக்கு நன்கு தெரிந்த வரலாறு. எத்தனை குடும்பங்களில் தந்தையும் மகனும் அங்கே உழைத்துப் பிள்ளைகளைக் கரையேற்றினார்கள்! அந்த முதல் அனல்மின் நிலையத்தின் கடைசி இயந்திரமும் 2020-இல் ஓய்வு பெற்றது. புதிய நிலையங்கள் அதன் இடத்தை எடுத்துக்கொண்டன.

நிலக்கரியால் வாழும் அதே நிறுவனம் இன்று பாட்டரித் தொழிலிலும் இறங்கியிருக்கின்றது. அந்தமான் தீவில் 20 மெகாவாட் சூரிய மின் நிலையத்தோடு ஒரு பாட்டரியையும் அது அமைத்தது. டீசல் எண்ணெயைக் கப்பலில் கொண்டுவந்து மின்சாரம் எடுத்த தீவுக்கு அது பெருந்துணை. பின்னர், 2025-இல், தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகம் மாநிலத்தில் 500 மெகாவாட் பாட்டரிச் சேமிப்புக்கு ஒப்பந்தங்கள் வழங்கியபோது, அதில் சரிபாதியான 250 மெகாவாட் நெய்வேலி நிறுவனத்தின் துணை நிறுவனத்திற்குக் கிடைத்தது. ஓட்டப்பிடாரம், கயத்தாறு, அனுப்பங்குளம் ஆகிய தென்மாவட்டத் துணைமின் நிலையங்களே அதற்குரிய இடங்கள். சுற்றிலும் காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் நிறைந்த பகுதி அது.

அந்த அளவைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். 250 மெகாவாட் வீதம் இரண்டு மணி நேரம் வழங்கினால் ஐந்து இலட்சம் யூனிட். இரு மாதத்திற்கு நூறு யூனிட் செலவழிக்கும் எளிய குடும்பங்கள் ஐயாயிரத்தின் இரு மாதத் தேவை அது. ஆனால் 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட் எனப் பதிவானது. அதன் முன் 250 மெகாவாட் என்பது நூற்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகின்றது. ஆகவே நாளையே நிலக்கரி நின்றுவிடும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஏரியின் முதல் கரை எழுகின்றது, அவ்வளவே.

பணமுள்ளவர் வீட்டு விளக்கு

இதனால் எளிய குடும்பத்திற்கு என்ன நன்மை என்னும் கேள்வி நியாயமானது. 2008 முதல் சில ஆண்டுகள் தமிழகம் பட்ட மின்வெட்டுத் துன்பத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். 2012-இல் சிற்றூர்களில் ஒரு நாளின் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லை. அப்போது வசதியுள்ளவர்கள் என்ன செய்தோம்? இன்வர்ட்டரும் பாட்டரியும் வாங்கி வீட்டு மூலையில் வைத்துக்கொண்டோம். தெரு இருண்டிருக்க, நம் கூடத்தில் மட்டும் மின்விசிறி சுழன்றது. அடுத்த வீட்டுப் பெண் பிள்ளை பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்தாள். அவளுடைய தந்தை கூலி வேலை செய்பவர். பாட்டரிக்கு அவர் எங்கே போவார்?

மின்சாரத்தைச் சேமிக்கும் ஆற்றல் அன்றே நம்மிடம் இருந்தது. ஆனால் அது காசு உள்ளவரின் சொத்தாக இருந்தது. மின்தொகுப்போடு இணைந்த பெரும் பாட்டரியின் சிறப்பு இங்கேதான் தெரிகின்றது. அதில் சேர்த்த மின்சாரம் எல்லாக் கம்பிகளிலும் ஒன்றாகக் கலக்கின்றது. மாடி வீட்டுக்கும் ஓலைக் குடிசைக்கும் அதே ஒளிதான் செல்லும். தனித்தனிக் கிணறு வெட்டிக்கொள்ள இயலாத ஊருக்கு ஏரி எப்படியோ, அப்படி.

உழவர் வீட்டுத் துன்பத்தையும் எண்ண வேண்டும். வயல் மோட்டாருக்குரிய மும்முனை மின்சாரம் நெடுங்காலம் பகலில் சில மணி, இரவில் சில மணி என்று முறை வைத்தே வழங்கப்பட்டது. இரவு முறை வரும்போது நள்ளிரவில் டார்ச்சைக் கையில் பிடித்து வரப்பின்மேல் நடந்து சென்று மோட்டாரைப் போட்டவர்கள் எத்தனை பேர்! பாம்பு தீண்டி மாண்டவர்களும் உண்டு. வெயில் மின்சாரம் மிகும் இக்காலத்தில் பகலிலேயே வயலுக்கு நீர் பாய்ச்சி, மிச்சத்தைப் பாட்டரியில் சேர்த்து மாலையில் வீடுகளுக்கு வழங்கினால், உழவர் தம் மனைவி மக்களோடு இரவில் அமைதியாய் உறங்கலாம்.

ஐயங்களை மறைக்க வேண்டாம்

நன்மையைச் சொன்ன நாம் ஐயங்களையும் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, தீ. 2025 ஜனவரி 16 அன்று கலிபோர்னியாவின் மாஸ் லாண்டிங் பாட்டரி நிலையம் பற்றி எரிந்தது. சுற்றுப்புறத்தில் ஏறத்தாழ 1,200 பேர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. பழைய மின்நிலையத்தின் ஒரே கட்டடத்திற்குள் கலங்கள் அடர்த்தியாக அடுக்கப்பட்டிருந்தன. இப்போது அமைக்கப்படும் பெரும்பாலான நிலையங்களில், கப்பலில் ஏற்றும் சரக்குப் பெட்டியை ஒத்த தனித்தனிப் பெட்டிகளில் கலங்களை வைத்து, இடைவெளி விட்டு நிறுத்துகின்றனர். ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குப் பரவலாகாது என்பதே நோக்கம். நிலக்கரியும் ஆபத்தற்றதன்று என்பதை நாம் கண்ணீரோடு அறிவோம். 2020 மே மாதத்திலும் ஜூலையிலும் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன்கள் வெடித்துத் தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். எந்தத் தொழிலிலும் காவல் முதலில், கணக்கு பிறகு.

இரண்டாவது, கனிமங்கள். சிலவகை லித்தியம் கலங்களுக்குக் கோபால்ட் வேண்டும். அது பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டிலிருந்து வருகின்றது. அங்குள்ள சிறு சுரங்கங்களில் குழந்தைகளும் உழைக்கும் அவலம் உலகறிந்தது. நம் பிள்ளையின் படிப்பறை விளக்குக்காக வேறொரு தாயின் பிள்ளை குழிக்குள் இறங்கலாமா? முன்னே குறிப்பிட்ட இரும்புப் பாஸ்பேட் வகையில் கோபால்ட் இல்லை என்பது ஆறுதல். ஆயினும் கலங்கள் தேய்ந்து ஓயும் நாளில் அவற்றைக் குப்பையில் கொட்டாமல், பிரித்து மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாட்டை இன்றே வகுக்க வேண்டும்.

மூன்றாவது, நம் நெஞ்சுக்கு மிக நெருங்கியது: நிலமும் வேலையும். நெய்வேலிச் சுரங்கத்திற்காகத் தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் ஊரையும் வயலையும் கொடுத்தனர். சுரங்கத்துக்குள் நீர் புகாதிருக்க நிலத்தடி நீர் ஓயாது இறைக்கப்படுகின்றது. 2023 ஜூலையில் வளையமாதேவியில், நெற்பயிர் நின்ற வயல்களுக்குள் மண்வாரி இயந்திரங்கள் இறங்கிக் கால்வாய் தோண்டிய காட்சியைக் கண்டு கலங்காத உழவர் இல்லை. நிலத்துக்கு இழப்பீடு தரப்பட்டது உண்மையே. ஆனாலும் கதிர் வாங்கும் பயிரை மண்ணில் புரட்டுவதைக் காண உழவனின் மனம் எப்படித் தாங்கும்?

வெயிலையும் காற்றையும் சேமித்து வைக்கக் கற்றுக்கொண்டால், புதிதாகத் தோண்ட வேண்டிய சுரங்கம் குறையும். நம் வட்டாரத்திற்கு அது பெரும் நம்பிக்கை. ஆனால் பாட்டரி நிலையம் ஒன்றை நடத்தச் சில பத்துப் பேரே போதும். சுரங்கத்தையும் கொதிகலனையும் நம்பி வாழும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள், குறிப்பாக ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்கள், பிறகு எங்கே போகும்? கலங்களைத் தொகுத்துப் பெட்டியில் அமைத்தல், பழுது பார்த்தல், பழையதைப் பிரித்தல் போன்ற தொழில்களை நிலம் கொடுத்த இம்மண்ணிலேயே தொடங்கி, அவர்களுடைய பிள்ளைகளுக்கு அவற்றைக் கற்பித்தால்தான் இந்த மாற்றம் நீதியுள்ளதாகும். மின்சாரம் தென்மாவட்டத்தில் சேரட்டும். ஆனால் அறுபது ஆண்டுகள் நாட்டுக்கு ஒளி கொடுத்த ஊர் இருளில் விடப்படலாகாது.

நம் இல்லங்களின் பங்கு

2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் படைப்பின் பராமரிப்பைக் குறித்து 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். அதில் தூய எரிசக்தி உலகில் இன்னும் மிகக் குறைவாகவே எட்டியிருக்கின்றது என்று சொல்லும் இடத்தில், அதைச் சேமித்து வைக்கும் நுட்பங்கள் மேலும் வளர வேண்டும் என்றும் குறிப்பிட்டிருக்கின்றார். திருச்சபையின் மடலொன்று மின்சாரச் சேமிப்பைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் வியக்கலாம். எளியோர் வீட்டில் விளக்கு எரிவதும் எரியாததும் அன்பின் கட்டளையைச் சேர்ந்த காரியம் அல்லவா?

பெரும் பாட்டரியை அரசும் நிறுவனங்களும் அமைக்கட்டும். நம் வீட்டில் நாமே அமைக்கக்கூடிய சிறு பத்தாயம் ஒன்று உண்டு. மேல்நிலைத் தொட்டிக்கு மாலையில் மோட்டார் போடுகின்றோம், நண்பகலில் போடலாம். மாவரைப்பதையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் வெயில் நேரத்திற்கு மாற்றலாம். அந்தச் சிறு மாற்றத்தால் மாலைச் சுமை சிறிது இறங்கும். தொட்டியில் ஏறிய நீரும் அரைத்து வைத்த மாவும் நண்பகல் வெயிலின் சேமிப்புத்தானே! ஒரு வீட்டில் இது துளி. ஊர்கூடிச் செய்தால் வெள்ளம்.

இன்னொன்றையும் நினைவில் கொள்வோம். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் விழுந்தன. புத்தாண்டுத் திருப்பலியைப் பல சிற்றூர் ஆலயங்கள் மெழுகுவர்த்தி ஒளியில்தான் கண்டன. சில ஊர்களுக்கு மின்சாரம் திரும்பப் பல வாரங்கள் ஆயின. அன்று ஓட்டப்பிடாரத்தில் எத்தனை பெரிய பாட்டரி இருந்திருந்தாலும், கம்பி அறுந்த ஊருக்கு அது வந்து சேர்ந்திராது. ஆகவே உறுதியான கம்பங்களும், மருத்துவமனைக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் அருகிலேயே ஒரு சிறு சேமிப்பும் வேண்டும் என்று நம் கிராம சபைகளில் எழுந்து கேட்பது நம் கடமை.

அன்பு வாசகர்களே, அடுத்த முறை மாலை ஆறரை மணிக்கு நம் வீட்டு விளக்கைப் போடும்போது ஒரு கணம் நிற்போம். அந்த ஒளிக்காக நிலம் கொடுத்தவரையும், கொதிகலன் முன் நின்றவரையும், இரவில் வரப்பில் நடந்தவரையும் நினைப்போம். பிள்ளைகள் அருகில் இருந்தால், பகல் வெயிலைப் பத்தாயத்தில் சேர்க்கும் இந்தக் கதையையும், அமரபுரத்துப் பிள்ளையின் கதையையும் சொல்லுவோம். அதைக் கேட்டு ஒரு பெண்ணோ பையனோ அறிவியல் புத்தகத்தை மீண்டும் ஒருமுறை விரித்தால், அந்த மாலை விளக்கு நன்றாக எரிந்தது என்று மகிழலாம்.